ஆள் மாறும் கிட்டங்கி, இடம் மாறும் சர்வர்

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இன்று கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு கோல்டன் ஷூ கார் பார்க் இருந்தது. அதற்கும் முன்னால் அந்தத் தெருவில் வரிசையாகக் கிட்டங்கிகள். நம்மவர்கள் அதைச் செட்டித் தெரு என்றே சொன்னார்கள். எனக்குப் பிழைப்பு அந்தத் தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி. நிரலாளர்கள் எழுதுவதைத் தானாகத் தொகுத்து, சோதித்து, வாடிக்கையாளர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பில்ட் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் ஐயா, அதாவது ஆத்தாவைப் பெற்றவர், பெட்டியடிப் பையனாக அந்தச் செட்டித் தெருவுக்கு வந்து, அடுத்தாளாகி, கடைசியில் மேலாளாக இருந்து ஊர் திரும்பியவர்.

பில்ட் சர்வரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும்போது எதைத் தூக்கிச் செல்லலாம், எதைத் தூக்கிச் செல்லக் கூடாது என்ற கேள்வி எங்கள் தொழிலில் இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கிட்டங்கிக்காரர்கள் அதை நூறு வருடத்துக்கு முன்பே தீர்த்து வைத்திருந்தார்கள். ஐயாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

கிட்டங்கியைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், சிங்கப்பூருக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்யும் அளவுக்கு அவர்கள் கால் ஊன்றிவிட்டார்கள். கோயில் அங்கே, தொழில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் சூலியா ஸ்ட்ரீட்டிலும். கிட்டங்கி என்பது கடைவீட்டின் நீளமான கூடம். சுவரோரமாக மர அலமாரிகள், அவற்றின் முன் ஒரு சின்ன மேசைப்பெட்டி, பாய், பாயின் மேல் சம்மணமிட்டு மேலாள். ஒரே கூடத்தில் பல கடைகள் இப்படி அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். ஒரு கடைக்கு மொத்த இடமே ஒரு பாயகலம். சாப்பாடும் தூக்கமும் அதே கூரையின் கீழ்.

முதலாளி இங்கே இருக்க மாட்டார். அவர் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அவர் பணத்தை இங்கே வட்டிக்கு விட்டு வசூலிப்பவர் மேலாள், ஆங்கிலக் கணக்கில் ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், அடுத்தாளுக்குக் கீழே பெட்டியடிப் பையன். மேலாளுக்குத் தவணை மூன்று வருடம். சம்பளச் சீட்டில் அது எழுதியிருக்கும். மூன்று வருடம் முடிந்தால் கணக்கை முடித்து, அடுத்து வருபவரிடம் கடையை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேற வேண்டும். ஏன் மூன்று என்று சின்ன வயதில் ஐயாவைக் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் உட்கார்ந்தால் முதலாளி கடை தன் கடையாகத் தெரிய ஆரம்பித்துவிடும் என்றார். பொருளாதார வரலாறு எழுதுகிறவர்கள் இதையே இன்னும் கௌரவமான சொற்களில் சொல்கிறார்கள்.

கடைக்குப் பெயர் விலாசம். முதலாளி குடும்பத்தின் முதலெழுத்துகள் கோத்தது. மேலாள் மாறினாலும் விலாசம் மாறாது. கடன் வாங்கிய சீனக் கடைக்காரருக்கும் ஜொகூர் ரப்பர்த் தோட்டக்காரருக்கும் அந்த எழுத்துகள்தான் கடை. பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

டிரங்குப் பெட்டியில் கிடைத்தது ஐயா கடைசியாகக் கடையை ஒப்படைத்தபோது எழுதிய தாள்கள். மேலே பிள்ளையார் சுழி, அடுத்து ஐந்தொகையின் நகல், அதன் கீழே தனியாக ஒரு ஜாபிதா. கையிருப்பு ரொக்கம். புரோநோட்டுகள், ஆள்வாரியாக. ஈடாக வாங்கி வைத்த நிலக் கிராண்டுகள். இரும்புப்பெட்டிச் சாவி, அலமாரிச் சாவி. பாங்குச் செக் புத்தகத்தில் எழுதாமல் மிஞ்சிய தாள்கள், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பது உட்பட. அந்தச் செக் தாள் வரியின் ஓரத்தில் மட்டும் வேறு மையில் ஒரு குறுக்குக் கோடு. அவை புது மேலாளிடம் போகவில்லை. ஐயா தன் கையாலேயே கிழித்துப் போட்டார். கையெழுத்துப் போடாத வெற்றுத் தாள்தானே என்று நான் நினைத்தேன். ஐயா கையெழுத்தைப் பாங்கு இன்னும் ஏற்கும் வரை அது வெற்றுத் தாள் ஆகாது.

பழையவரும் புதியவரும் சில வாரம் ஒரே பாயில் உட்காருவார்கள். புதியவர் ரஜூலா கப்பலில் வந்து இறங்கியதும் முதலில் பேரேடு. ஒவ்வொரு பற்றுக்கும் நோட்டு இருக்கிறதா, நோட்டில் இருக்கும் தொகையும் பேரேடும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார்கள். பிறகு இருவரும் சேர்ந்து கடனாளிகளைப் போய்ப் பார்ப்பார்கள். இனிமேல் இவர், என்று பழையவர் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார். பிறகு பாங்கு. அங்கே புது மாதிரிக் கையெழுத்து.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ரொக்கமும் நோட்டும் சாவியும் பழையவர் கையிலிருந்து புதியவர் கைக்கு நேரே போகும். பவர் மட்டும் அப்படிப் போகாது. பவர் என்றால் பவர் பத்திரம், விலாசத்தின் பெயரில் கடன் கொடுக்கவும் வசூலிக்கவும் வழக்குப் போடவும் முதலாளி தரும் எழுத்து அதிகாரம். புதியவர் தன் பவரை ஊரிலிருந்தே, முதலாளி கையெழுத்தோடு, கொண்டு வருவார். பழையவர் பவரை முதலாளி ரத்து செய்ததற்கு ஒரு கடிதமும் கூடவே வரும். அந்தக் கடிதம் பாங்குக்கும் வக்கீலுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, பழையவர் அதே பாயில் உட்கார்ந்திருந்தாலும் அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. தன் அதிகாரத்தைத் தானே அடுத்தவருக்கு மாற்றிக் கொடுக்க எந்த மேலாளுக்கும் வழியில்லை. கொடுத்தவரேதான் எடுக்க வேண்டும், கொடுத்தவரேதான் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

இனி எங்கள் கூடத்துக்கு வருகிறேன். 2004இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானிய நிரலாளர் ஹட்சன் என்ற பில்ட் சர்வர் மென்பொருளை எழுதத் தொடங்கினார். யாராவது உடைந்த நிரலைச் சேர்த்தால் உடனே கண்டுபிடித்துச் சொல்லும் காவல்காரன் அது. 2010இல் சன் ஆரக்கிளின் கைக்குப் போனது. பெயர் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்தது. 2011 ஜனவரியில் அதைக் கட்டி வளர்த்தவர்கள் வாக்கெடுத்து, ஜென்கின்ஸ் என்ற புதுப் பெயரோடு வெளியேறினார்கள். இங்கே விலாசம்தான் மாறியது, ஆட்கள் மாறவில்லை. செட்டித் தெருவுக்கு நேர் எதிர்.

ஆரம்பத்தில் அந்தக் காவல்காரனிடம் சாவி எதுவும் இல்லை. நிரலைப் படிக்க ஒரு கடவுச்சொல், அவ்வளவுதான். பிறகு கம்பெனிகள் சோம்பல்பட்டன. தொகுத்ததைச் சோதனை சர்வருக்கும் நீயே அனுப்பு என்றார்கள். பிறகு உண்மை சர்வருக்கும். பிறகு தரவுத்தளத்தை மாற்று, மொபைல் செயலிக்குக் கையொப்பமிடு, மேகக் கணிமைக் கணக்கில் புது இயந்திரம் திற. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி கொடுக்க வேண்டியதாயிற்று. நடுத்தரக் கம்பெனி ஒன்றில் எல்லாக் கதவுகளையும் திறக்கக்கூடிய ஒரே ஆள் யார் என்று கேட்டால், தலைமை அதிகாரியைக் காட்டாதீர்கள். மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் பில்ட் சர்வரைக் காட்டுங்கள்.

ஜென்கின்ஸ் இந்தச் சாவிகளை அப்படியே எழுதி வைப்பதில்லை, குறியாக்கித்தான் வைக்கிறது. தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ரகசியக் கோப்புப் போதுமென்று இருந்தார்கள். அந்த ரகசியத்தை வெளியிலிருந்து எட்டிப் பிடிக்க வழியிருப்பது தெரியவந்து, 2013 ஜனவரியில் முறையை மாற்றினார்கள். சீக்ரெட்ஸ் என்ற அடைவில் மாஸ்டர் கீ என்று ஒரு கோப்பு, அதனால் பூட்டப்பட்ட இன்னொரு கோப்பு, அந்த இரண்டாவதைக் கொண்டு கடவுச்சொற்களுக்குப் பூட்டு. இரண்டாவது கோப்பின் பெயரில் இன்றும் ஹட்சன் என்றே இருக்கிறது. பெயர்த் தகராறு முடிந்து இத்தனை வருடமாகியும் அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தொட்டால் உலகமெங்கும் உள்ள சர்வர்கள் தங்கள் கடவுச்சொற்களைப் படிக்க முடியாமல் விழிக்கும்.

சர்வரை மாற்றுபவர்கள் விழும் முதல் குழி இங்கே இருக்கிறது. வேலைகளின் அமைப்புக் கோப்புகளையும் சாவிப் பட்டியல் கோப்பையும் புது இயந்திரத்துக்கு நகலெடுப்பார்கள், சீக்ரெட்ஸ் அடைவை விட்டுவிடுவார்கள். புது ஜென்கின்ஸ் தனக்கென்று வேறொரு மாஸ்டர் கீயை உண்டாக்கிக்கொள்ளும். பட்டியலைத் திறந்தால் எல்லாப் பெயரும் வரிசையாக இருக்கும், கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் வழக்கம்போல் புள்ளிகள் தெரியும். பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் குறியாக்கம் அவிழாதபோது ஜென்கின்ஸ் முறையிடாது. அவிழாவிட்டால் இதுதான் கடவுச்சொல்லாக இருக்கும் என்று அந்தக் குழப்ப எழுத்துகளையே கடவுச்சொல்லாக எடுத்துக்கொள்ளும். சுருள் அடைப்புக்குள் ஏ, க்யூ, ஏ, ஏ, ஏ, பி என்று தொடங்கும் அந்த நீண்ட சரத்தை அப்படியே கொண்டுபோய்த் தரவுத்தளத்திடம் கொடுக்கும். தவறான கடவுச்சொல் என்று பதில் வரும். மறுபடி முயலும். சில முயற்சிகளில் அந்தக் கணக்கே பூட்டிக்கொள்ளும். அதே கணக்கைப் பயன்படுத்திக்கொண்டிருந்த பழைய சர்வரும் அதோடு நிற்கும். எங்கள் ஆட்கள் பாதி ராத்திரி நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

இதில் சூடுபட்டவர்கள் அடுத்த முறை மறுகோடிக்குப் போவார்கள். அடைவு முழுவதையும், மாஸ்டர் கீ உட்பட, ஒரே பொட்டலமாகக் கட்டிப் புது இயந்திரத்தில் பிரிப்பார்கள். உடனே எல்லாம் ஓடும். அதுதான் ஆபத்து. நான் கண்ட ஒரு கம்பெனியில், சோதித்துப் பார்ப்பதற்கென்று பில்ட் சர்வரை இப்படி முழுசாகப் படியெடுத்தார்கள். படியெடுத்தது தன் கடிகாரத்தைப் பார்த்தது, இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கண்டது, வேலையைச் செய்தது. அசலும் செய்தது. வாடிக்கையாளர்களுக்கு ஒரே குறுஞ்செய்தி இரண்டு முறை போனது. மறுநாள் பதிவேடுகளைப் புரட்டினால் இரண்டும் ஒரே கணக்கின் பெயரில், ஒரே சாவியோடு நடந்திருந்தன. எது அசல் செய்தது, எது நகல் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ரேஸ் கோர்ஸ் ரோட்டு வீட்டில் ஆத்தாவிடம் இதைச் சொன்னேன். தேக்காவில் வாங்கி வந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “ரெண்டு மேலாளுக்கும் ஒரே பவரா தம்பி? அப்ப எவன் கையெழுத்துன்னு மொதலாளி எப்படிக் கண்டுபிடிப்பாக?” என்றார். அந்தக் கம்பெனி கூட்டிய விசாரணைக் கூட்டத்தில் யாரும் இவ்வளவு நேராகக் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் சாவிப் பராமரிப்பு என்றால் 2018ஐப் பேசாமல் நகர முடியாது. அந்த ஆண்டு ஜூன் 27இலிருந்து ஜூலை 4 வரை சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவு போயின. அவர்களில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேருக்குக் கொடுத்த மருந்துகளின் விவரமும் சேர்ந்து போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர். ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளிவந்தது. இது பில்ட் சர்வர் கதை அல்ல. ஆனால் என் தொழில்காரர் யாரும் அந்த அறிக்கையைத் தன்னைப் பார்க்காமல் படிக்க முடியாது. தரவுத்தளம் ஹெச்-கிளவுட் என்ற தரவு மையத்தில் இருந்தது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இருந்த சிட்ரிக்ஸ் சர்வர்களிலிருந்து அதற்குப் போகும் வழி திறந்தே கிடந்தது. நிர்வாகக் கருவிகளுக்கு வசதி என்று விட்டு வைத்திருந்தார்கள், உண்மையில் அதற்குத் தேவையே இல்லை என்றது குழு. அந்த சர்வர்களில் நிர்வாகி அதிகாரமுள்ள ஒரு கணக்கின் கடவுச்சொல், ஆங்கிலத்தில் பாஸ்வேர்டு என்ற சொல்லேதான். ஓர் எழுத்துக்குப் பதில் @ குறி, இன்னோர் எழுத்துக்குப் பதில் பூஜ்யம். பிறகு வந்த அபராதம் சிங்ஹெல்த்துக்கும் ஐஹெச்ஐஎஸ் என்ற நிறுவனத்துக்கும் சேர்த்துப் பத்து லட்சம் வெள்ளி. அதில் ஏழரை லட்சம் தொழில்நுட்பத்தைக் கவனித்துக்கொண்ட ஐஹெச்ஐஎஸ்ஸின் தலையில்.

ஒதுங்கிக் கிடக்கும் கணக்கு, யாரும் மூடாத வழி. கிட்டங்கிக் கணக்கில் சொன்னால், கிழிக்காமல் விட்ட செக் தாள்.

சாவியைத் தாங்களே வைத்துக்கொள்ளாமல் வெளியாரிடம் கொடுத்தவர்களும் தப்பவில்லை. சர்க்கிள்சிஐ என்ற அமெரிக்க நிறுவனம் ஆயிரக்கணக்கான கம்பெனிகளுக்கு பில்ட் வேலையை வாடகைக்குச் செய்து கொடுப்பது. 2022 டிசம்பரில் அவர்களுடைய பொறியாளர் ஒருவரின் மடிக்கணினியில் தீநிரல் புகுந்தது. 2023 ஜனவரி 4ஆம் தேதி, எங்களிடம் வைத்திருக்கும் எல்லாச் சாவிகளையும் மாற்றிவிடுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னார்கள். எல்லாவற்றையும் மாற்று என்பது எளிது. எல்லாம் என்றால் எவை என்பதற்கு எத்தனை பேரிடம் ஜாபிதா இருந்தது?

செட்டித் தெருவிலும் அந்த ஒழுங்கு கடைசி வரை நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. கப்பல் நின்றது, கடிதம் நின்றது. மூன்று வருடத் தவணை முடிந்தவர்களுக்கு மாற்றாள் வரவில்லை, ஊரில் முதலாளி இருக்கிறாரா இல்லையா என்றும் தெரியவில்லை. ஐயா அப்போது அடுத்தாள். கடனாளிகள் ஜப்பானிய ஆட்சியின் வாழைமரப் பண நோட்டைக் கொண்டுவந்து பழைய கடனைத் தீர்த்தார்கள். வாங்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. முதலாளி உயிரோடில்லை என்றால் அவர் கொடுத்த பவரும் சட்டப்படி அவரோடு போய்விடும். ஆனால் அந்தச் செய்தி கடல் தாண்டி வரும் வரை மேலாள் கையெழுத்துப் போட்டுக்கொண்டேதான் இருப்பார். போர் முடிந்து கப்பல் மறுபடி ஓடியது. ஆனால் 1953 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், மூன்று வருடத்துக்கு ஒருவர் என்று ஆளை மாற்றி மாற்றிக் கொண்டுவருவதைக் கடினமாக்கிவிட்டது. இருந்தவர்கள் இருந்தபடியே இருந்தார்கள். ஒரே பவர் வருடக்கணக்கில் ஓடியது. ஐயா மேலாளாக இருந்தது அந்தக் காலத்தில். அவரும் தன் தவணைக்கு மேல்தான் உட்கார்ந்திருந்தார். கடை தன் கடையாகத் தெரிய ஆரம்பித்ததா என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. 1970களின் இறுதிக்குள் கிட்டங்கிகளும் இடிபட்டன.

இந்தப் பிற்காலக் கிட்டங்கியின் நிலைதான் எங்கள் சர்வர்களில் பெரும்பாலும். சாவிப் பட்டியலைத் திறந்தால், ஆறு வருடம் முன்பு வேலையை விட்டுப் போனவரின் பெயரில் எடுத்த டோக்கன் இன்றும் உயிரோடிருக்கும். அதை நிறுத்தினால் எது நிற்கும் என்று தெரியாததால் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

இப்போது நான் சர்வர் மாற்றும்போது முதலில் எழுதுவது ஜாபிதா. என்ன சாவி, எந்தக் கதவு, யார் கொடுத்தது, கொடுத்தவர் இன்னும் இருக்கிறாரா. வேலைகளின் அமைப்பை நகலெடுப்பேன், சாவிகளை எடுக்க மாட்டேன். புது சர்வருக்கு ஒவ்வொரு கதவிலும் புதுப் பெயரில் புதுச் சாவி கேட்டு வாங்குவேன். பதிவேட்டைப் பார்த்தால் எந்தக் கை திறந்தது என்று தெரிய வேண்டும். கடிகார வேலைகளை முடக்கி வைத்துத்தான் புதியதை எழுப்புவேன். காப்புப் பிரதியோடு மாஸ்டர் கீயைச் சேர்த்து வைக்காதே என்று ஜென்கின்ஸ் கையேடே சொல்கிறது, அதைத் தனிப் பெட்டகத்தில் வைப்பேன். சில வாரம் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில். பிறகு பழைய சாவிகள் ஒவ்வொன்றாக ரத்து, அதுவும் கொடுத்த இடத்திலேயே. பழைய சர்வரிலிருந்து அழித்தால் போதும் என்று மேலாளர்கள் சொல்வார்கள். அது செக் தாளைக் கிழிப்பது மட்டும்தான். பாங்குக்குக் கடிதம் போகவில்லையே.

இப்போது சில நிமிடமே உயிரோடிருக்கும் டோக்கன்கள் வந்துவிட்டன. வேலை தொடங்கும்போது மேகக் கணக்கு கொடுக்கும், முடிந்ததும் தானே செத்துப்போகும். ஒப்படைக்கச் சாவியே இல்லை என்று இளையவர்கள் மகிழ்கிறார்கள். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த சர்வர் கேட்டால் கொடு என்று மேகக் கணக்கில் யாரோ ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். சர்வர் மாறினால் புது வரி எழுதுவார்கள், அது இல்லாமல் வேலை ஓடாது. பழைய வரி இருந்தாலும் வேலை ஓடும், அதனால் அதை நீக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. என் ஜாபிதாவில் அதற்கென்று கடைசியில் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். போன மாற்றலுக்கான அந்தக் கட்டம் இன்னும் காலி. சம்பந்தப்பட்டவர் விடுப்பில் இருக்கிறாராம்.